கைப்பேசியா, தனிக் கேமராவா: துளையின் விட்டமும் தீர்மானிக்கும் உரிமையும்

சந்தைக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர்களின் சங்கமான சி.ஐ.பி.ஏ. வெளியிடும் கணக்கின்படி, 2010 ஆம் ஆண்டில் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023 இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் இந்தச் சரிவின் பெரும்பகுதி, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கேமராக்களுடையது. பிறந்தநாளையும் சுற்றுலாவையும் பதிவுசெய்துவைக்கும் வேலையைக் கைப்பேசி முழுவதுமாக எடுத்துக்கொண்டது; அதில் யாருக்கும் பெரிய இழப்பில்லை. லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராக்களின் விற்பனையும் குறைந்ததே தவிர, அவை மறைந்துவிடவில்லை. ஆகவே இன்று மிஞ்சியிருப்பது, புகைப்படத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்பவருக்கு மட்டும் உரிய கேள்வி: கையில் ஏற்கெனவே ஒரு நல்ல கைப்பேசி இருக்கும்போது, தனிக் கேமரா ஒன்றை வாங்கவோ, இருப்பதைப் பராமரிக்கவோ, சுமந்து திரியவோ வேண்டுமா?

தீவிரமானவர் என்று நான் சொல்வது, புகைப்படத்தால் பிழைப்பவரை மட்டுமல்ல. ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே, தான் எடுக்கப்போகும் படத்திடம் ஏதோ ஒன்றை எதிர்பார்ப்பவர். அது கிடைக்காதபோது ஏன் கிடைக்கவில்லை என்று படத்தை வைத்துக்கொண்டு யோசிப்பவர். அத்தகையவருக்கு ‘எது நல்ல படம் எடுக்கும்?’ என்ற கேள்வியால் பயன் எதுவும் இல்லை. அவர் எடுக்கும் படங்களின் இயல்பு என்ன என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கைப்பேசி வென்றுவிட்ட இடங்கள்

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடலாம். போதிய பகல் வெளிச்சத்தில், அகன்ற கோணத்தில், அசையாத ஒன்றை எடுக்கும்போது, இன்றைய உயர்தரக் கைப்பேசியின் படத்தையும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் புதிய வகை) கேமராவின் படத்தையும் ஏ4 தாளில் அச்சிட்டு அருகருகே வைத்தால், பிரித்துச் சொல்வது கடினம். 12 மெகாபிக்சல் படம் ஒன்றில் 4032க்கு 3024 பிக்சல்கள் இருக்கின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கறாரான அச்சுத் தரத்தில்கூட அது 13 அங்குலத்துக்கு 10 அங்குல அளவுக்குப் போதும். திரையில் மட்டும் பார்க்கப்படும் படங்களுக்கு இதுவே மிகுதி. 2017 இல் டைம் இதழ், தத்தம் துறைகளில் முதலாவதாகச் சாதித்த பெண்களைப் பற்றிய சிறப்புத் தொகுப்புக்காக 46 பேரின் உருவப்படங்களை வெளியிட்டது. பிரேசிலைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லூயிசா டோர் அவை அனைத்தையும் ஐபோனில்தான் எடுத்தார். அவற்றில் 12 படங்கள் அட்டைப்படங்களாயின. அவர் பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்தை நம்பியவர் என்பதையும், உட்கார்ந்து ஒத்துழைக்கும் மனிதர்களை எடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருவியின் எல்லையை அறிந்து அதற்குள் நின்றதே அந்தப் படங்களின் பலம்.

வெளிச்சமும் நிழலும் கடுமையாக மோதும் காட்சிகளில் கைப்பேசி இன்னும் ஒரு படி மேலே சென்றுவிடுகிறது. சன்னலோரம் அமர்ந்திருக்கும் ஒருவரின் முகமும், சன்னலுக்கு வெளியே உள்ள வானமும் ஒரே படத்தில் விவரம் இழக்காமல் வர வேண்டுமென்றால், கேமராக்காரர் வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு கணினியில் ரா கோப்பை (கேமரா பதிவுசெய்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் கோப்பு) திறந்து நிழலைத் தூக்கி வெளிச்சமாக்க வேண்டும். கைப்பேசியோ நாம் ஒருமுறை தொடுவதற்குள் பல சட்டகங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இரு முனைகளையும் காப்பாற்றிய படத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. கூகுளின் ஹெச்.டி.ஆர். பிளஸ் முறை இதைத்தான் செய்தது. 2018 இல் பிக்சல் கைப்பேசிகளில் வந்த நைட் சைட் அதே உத்தியை இருட்டுக்குள் கொண்டுசென்றது. இதன் கணிதம் எளிது: ஒன்பது சட்டகங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், தற்செயலாக விழும் புள்ளி இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒன்பது மடங்கு வெளிச்சம் கிடைத்ததற்கு ஏறத்தாழ ஈடான பலன் அது.

துளை எவ்வளவு பெரியது?

இரு கருவிகளையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் மெகாபிக்சலையோ, ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரின் அளவையோ பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயன்பட்ட அளவுகோல் ஒன்று உண்டு: ஒளி நுழையும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். லென்ஸின் குவியத் தொலைவை (மி.மீ.யில் குறிக்கப்படுவது), எஃப்/1.8 என்பதுபோல் எழுதப்படும் எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைத்துவிடும். குறைந்த வெளிச்சத்தில் எவ்வளவு ஒளி சேரும், பின்னணி எவ்வளவு மங்கும், தொலைவிலுள்ள நுண்விவரம் எதுவரை பிரிந்து தெரியும் என்ற மூன்றையும் ஒரே கோணத்தில் எடுக்கும்போது தீர்மானிப்பது பெருமளவுக்கு இந்த ஒரே எண்தான்.

ஐபோன் 14 ப்ரோவின் முதன்மைக் கேமராவை எடுத்துக்கொள்வோம். 24 மி.மீ.க்கு இணையான கோணம் என்று விளம்பரத்தில் சொல்லப்பட்டாலும், அதன் உண்மையான குவியத் தொலைவு 6.86 மி.மீ.; எஃப்/1.78 என்ற அப்பர்ச்சரில் அதன் துளை 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 36க்கு 24 மி.மீ. சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் துளை 13 மி.மீ.க்குச் சற்று அதிகம். விட்டம் மூன்றரை மடங்கு என்றால் பரப்பளவு ஏறத்தாழ 12 மடங்கு. அதாவது ஒரே காட்சியிலிருந்து ஒரே நேர அளவில் கேமரா 12 மடங்கு ஒளியைச் சேகரிக்கிறது. கைப்பேசி எஃப்/1.78, கேமரா எஃப்/1.8, ஆகவே இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணுவது, ஒரே வடிவத்தில் வார்த்த குவளையும் குடமும் ஒரே அளவு நீரைப் பிடிக்கும் என்பதைப் போன்றது.

இதே கணக்கு கேமராப் பிரியர்களுக்குச் சங்கடமான இன்னொரு உண்மையையும் சொல்கிறது. தொடக்கநிலை ஏ.பி.எஸ்.-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட) கேமராக்களுடன் சேர்த்து விற்கப்படும் கிட் லென்ஸ், 16 மி.மீ. முனையில் எஃப்/3.5 அளவுக்குத்தான் திறக்கும். அதன் துளை 4.6 மி.மீ. கைப்பேசியின் துளையைவிட இது பரப்பளவில் ஒன்றரை மடங்குகூட இல்லை. அந்தச் சிறு ஆதாயத்தைக் கைப்பேசி பல சட்டகங்களைச் சேர்த்து நொடியில் தாண்டிவிடும். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் சில வாரங்களில் ‘என் போனே இதைவிட நன்றாக எடுக்கிறது’ என்று சலித்துக்கொண்டு அதை அலமாரியில் வைத்துவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் கேமராவின் உடலை வாங்கினார்கள், ஆனால் துளையை வாங்கவில்லை. கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால், அகன்ற கோணப் படங்களைப் பொறுத்தவரை கேமரா வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை.

அசைகிறதா, அசையவில்லையா?

சிறிய துளையின் குறையைக் கைப்பேசி காலத்தால் ஈடுசெய்கிறது. ஒரே கணத்தில் போதிய ஒளி கிடைக்காததால், பல கணங்களின் ஒளியைச் சேர்த்து ஒரு படமாக்குகிறது. கட்டடம், மலை, உணவு, அசையாமல் அமர்ந்த மனிதர் ஆகியவற்றுக்கு இந்த உத்தி அற்புதமாகப் பொருந்தும். சில சமயம் ட்ரைபாட் இல்லாமல் கேமராவால் எடுக்க முடியாத படத்தையும் கைப்பேசி கையிலேயே எடுத்துத் தந்துவிடும்.

காட்சியில் ஏதேனும் அசைந்தால் கதை மாறுகிறது. மங்கிய மேடை வெளிச்சத்தில் சுழலும் நடனக் கலைஞரின் கையைப் படத்தில் நிறுத்த வேண்டுமென்றால், ஏறத்தாழ ஒரு நொடியில் 500 இல் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒளி முழுவதும் வந்து சேர்ந்தாக வேண்டும். அடுத்த சட்டகத்தில் கை வேறிடத்தில் இருக்கும். மென்பொருள் அசைந்த பகுதியைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் ஒற்றைச் சட்டகத்தைப் பயன்படுத்தும். அப்போது மேடையும் திரைச்சீலையும் பளிச்சென்று தெரிய, நாம் எடுக்க நினைத்த கலைஞர் மட்டும் இரைச்சல் நீக்கப்பட்ட மெழுகுப் பொம்மையைப் போல் இருப்பார். கைப்பேசியின் திறன் காட்சி முழுவதற்கும் சமமாகக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் அது குறைவாகக் கிடைப்பது நமக்கு மிகவும் வேண்டிய இடத்தில்தான். 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று 47 மி.மீ. துளையோடு அதே மேடையின் முன்னால் நிற்கும்போது, சேர்த்துக் கூட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை; ஒற்றைக் கணம் போதும்.

விளையாட்டு, நடனம், ஓடித்திரியும் குழந்தைகள், திருமணச் சடங்குகளின் நொடிப்பொழுதுகள் என்று உங்கள் படப்பொருள் குறைந்த வெளிச்சத்தில் அசைவதாக இருந்தால், இந்த ஒப்பீட்டை இங்கேயே முடித்துக்கொண்டு பெரிய துளையுள்ள லென்ஸைத் தேடலாம். கேமராக்களின் தொடர் ஃபோகஸ், கண்ணைக் கண்டறிந்து விடாமல் பின்தொடரும் முறை ஆகியவை அதற்கு மேல் கிடைக்கும் உதவிகள்.

தொலைவு

தொலைவைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. ஐபோன் 15 ப்ரோ மேக்ஸின் ஐந்து மடங்கு டெலிபோட்டோ, 120 மி.மீ.க்கு இணையான கோணத்தைத் தருகிறது. அதன் துளை 6 மி.மீ.க்கும் குறைவு. பறவைகளை எடுப்பவர்கள் பயன்படுத்தும் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் துளை 150 மி.மீ. ஒளி, சிறிய துளை வழியே செல்லும்போது சிதறி விரிகிறது. துளை எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு நுண்விவரம் கலங்கும். இது லென்ஸின் தரக்குறைவால் வருவதன்று, ஒளியின் அலைத்தன்மையால் வருவது. சென்சாரில் 48 மெகாபிக்சல் இருந்தாலும் 200 மெகாபிக்சல் இருந்தாலும், துளையிலேயே கலங்கிவிட்ட விவரத்தை அதனால் மீட்க முடியாது. நூறு மடங்கு ஜூம் என்று எழுதப்பட்டிருக்கும் இடத்தில், மீதத்தை மென்பொருள் ஊகித்து வரைகிறது என்று பொருள்.

அந்த ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பது 2023 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் காட்டி, இருட்டறையில் நின்று அதைச் சாம்சங் கைப்பேசியால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் தெளிவாக வந்திருந்தன. நிலவை அடையாளம் கண்டுகொண்டதும், செயற்கை நுண்ணறிவின் துணையோடு விவரத்தை மேம்படுத்தும் முறை இயங்குகிறது என்று அந்நிறுவனமும் பின்னர் விளக்கியது. பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டும் நிலவைப் பொறுத்தவரை இதை ஒரு வேடிக்கையாகக் கடந்துவிடலாம். ஒரு பறவையின் இறகிலுள்ள வரிகளை வைத்து இனத்தை உறுதிசெய்ய முனைபவரால் அப்படிக் கடந்துவிட முடியாது.

பின்னணி மங்கலும் ஃபிளாஷும்

2016 இல் ஐபோன் 7 பிளஸ் வழியாகப் பரவலான போர்ட்ரெய்ட் முறை, பின்னணியை மென்பொருளால் மங்கலாக்குகிறது. தொடக்கத்தில் காதோரத் தலைமுடியையும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பையும் அது கத்தரித்த விதம் சிரிப்பை வரவழைத்தது; இன்று வெகுவாகத் தேறிவிட்டது. திரையில் பார்ப்பதற்கு அது போதும். பெரிதாக அச்சிடும்போதும், கலைந்த முடி, மெல்லிய துணி, கண்ணாடிக் குவளை போன்ற ஊடுருவும் பொருள்கள் சட்டகத்தில் இருக்கும்போதும் அது இன்னும் தடுமாறுகிறது. இதைக் காட்டிலும் பலர் கவனிக்காத குறை முகத்தின் அமைப்பில் இருக்கிறது. 24 மி.மீ. கோணத்தில் முகம் சட்டகத்தை நிரப்ப வேண்டுமென்றால் மிக அருகே செல்ல வேண்டும். அப்போது மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கும். இரண்டடி பின்னால் நகர்ந்து இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸுக்கு மாறுவது, மங்கலைக் கூட்டுவதைவிட முகத்துக்கு அதிக நியாயம் செய்யும்.

ஃபிளாஷ் வெளிச்சத்தை வைத்து வேலை செய்பவருக்குக் கைப்பேசி பெரும்பாலும் பயன்படாது. அதன் முதுகில் இருப்பது சிறு எல்.இ.டி. விளக்கு, உண்மையான ஃபிளாஷ் அன்று. ஸ்டூடியோ ஃபிளாஷ் மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டுமே மின்னும். கைப்பேசியின் சென்சாரோ படத்தை வரிவரியாக வாசிப்பது; ஆகவே அந்த மின்னல் படத்தின் சில வரிகளில் மட்டுமே பதியக்கூடும். சில ஃபிளாஷ் தயாரிப்பாளர்கள் கைப்பேசியோடு இணைக்க வழிசெய்ததுண்டு என்றாலும் அது பொதுவழக்காகவில்லை. கேமராவின் மேல்தட்டில் ஃபிளாஷைப் பொருத்தும் அந்தச் சிறு உலோகக் காடி ஒன்றுக்காகவே கேமராவை வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். தொடர்ந்து எரியும் விளக்குகளைக் கொண்டு சமாளிப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

படத்தைத் தீர்மானிப்பது யார்?

இதுவரை சொன்னவை அனைத்தும் இயற்பியல் சார்ந்தவை. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இனிச் சொல்லப்போவதைக் கணக்கில் அடக்க முடியாது. ஆனால் என்னளவில் கேமராவை விட்டுவிட முடியாததற்கு இதுவே பெரிய காரணம்.

அந்திப் பொழுதில் ஒரு வராந்தாவை எடுக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் இருட்டு. தூணுக்குப் பின்னால் ஒரு முகத்தின் ஓரம் மட்டும் தெரிகிறது. என்னை நிற்க வைத்ததே அந்த இருட்டுதான். கைப்பேசியில் தொட்டதும் அது இருட்டைப் பிழையாகக் கருதித் திருத்திவிடுகிறது: நிழல் தூக்கப்படுகிறது, சுவரின் காரை தெரிகிறது, தோல் மென்மையாகிறது, விளிம்புகள் கூர்மையாகின்றன. பெரும்பாலானோர் விரும்பும் படம் அது, தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் அதை நான் கேட்கவில்லை. வெளிச்ச அளவைக் குறைக்கும் பட்டையை இழுத்து எடுத்தாலும், இருட்டு ஓரளவு திரும்புமே தவிர, தோலிலும் விளிம்புகளிலும் அது செய்துவிட்ட வேலை அப்படியே இருக்கும். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதோ, புது மாடலுக்கு மாறும்போதோ இந்தத் தீர்ப்புகளும் மாறுகின்றன. பல மாதங்கள் ஒரே பொருளைத் தொடராக எடுப்பவருக்கு, முதல் படமும் முப்பதாவது படமும் இருவேறு ஆள்கள் எடுத்தவைபோல் தோன்றும் சிக்கல் இதனால் வருகிறது.

ரா கோப்பில் எடுத்தால் போயிற்று என்று ஒரு பதில் சொல்லப்படுவதுண்டு. அதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. கைப்பேசியில் இருவகை ரா உண்டு. ஆப்பிள் 2020 இல் கொண்டுவந்த ப்ரோரா போன்றவை, பல சட்டகங்களை ஏற்கெனவே சேர்த்து, இரைச்சலை நீக்கி முடித்த பிறகு கிடைப்பவை. வண்ணத்தையும் வெளிச்சத்தையும் மாற்ற இடம் தந்தாலும், சில தீர்ப்புகள் முன்பே எழுதப்பட்டுவிட்டன. தனிச் செயலிகள் மூலம் சென்சாரின் ஒற்றைச் சட்டகத்தை அப்படியே எடுப்பது இரண்டாவது வகை. இதில் தலையீடு இல்லை. ஆனால் சிறிய துளையின் உண்மையான திறன் அப்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கைப்பேசியின் பலம் அதன் கணக்கீட்டில் இருக்கிறது, அந்தக் கணக்கீட்டை நிறுத்தினால்தான் முழுக் கட்டுப்பாடு நம் கைக்கு வருகிறது. பலமும் உரிமையும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. பெரிய சென்சாரின் 14 பிட் ரா கோப்பில் அந்தப் பேரம் இல்லை. இருட்டை இருட்டாகவே விட்டுவைக்கவும், வேண்டுமானால் பிறகு அதிலிருந்து விவரத்தை வெளியே கொண்டுவரவும் இடம் இருக்கிறது.

இதற்கு மாறான வாதத்திலும் நியாயம் உண்டு. கேமராக்களும் ஜேபெக் கோப்பைத் தரும்போது தம் சொந்த ரசனையைத் திணிக்கத்தான் செய்கின்றன; ஃபிலிம் காலத்தில் எந்தச் சுருளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதே பாதித் தீர்ப்பு. ஆனால் சுருளைத் தேர்ந்தெடுத்தவர் அதன் இயல்பை அறிந்திருந்தார், அது படத்துக்குப் படம் மாறவும் இல்லை. முகத்துக்கு ஒருவிதமாகவும் வானத்துக்கு ஒருவிதமாகவும் ஒரே சட்டகத்துக்குள் வெவ்வேறு முடிவுகளை எடுக்கும் கருவியோடு பழகி, அதன் போக்கை முன்கூட்டியே ஊகிப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை.

கையிலும் கண்ணிலும்

கடும் வெயிலில் கைப்பேசித் திரையைப் பார்த்துச் சட்டகம் அமைத்தவர்களுக்கு வியூஃபைண்டரின் அருமை தெரியும். கண்ணை அதில் பதித்ததும் சட்டகத்துக்கு வெளியே உள்ள உலகம் மறைந்துவிடுகிறது. விரல்கள் பார்க்காமலேயே சக்கரங்களைத் திருப்பப் பழகிவிடுகின்றன. கைப்பேசியிலோ அதே திரையில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழும்.

ஆனால் தெருப் படங்களிலும், மனிதர்களை அவர்கள் இயல்பில் எடுக்க வேண்டிய இடங்களிலும் தராசு மறுபக்கம் சாய்கிறது. பெரிய லென்ஸைத் தூக்கியதும் எதிரில் இருப்பவர் உடுப்பைச் சரிசெய்துகொள்கிறார், புன்னகைக்கிறார், அல்லது விலகிச் செல்கிறார். கைப்பேசியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்று 24-70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸோடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை வரும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பது ஒரு முடிவு. கைப்பேசி எந்த முடிவுமின்றி உடன் வருகிறது. வீட்டில் இருக்கும் கேமராவின் துளை எத்தனை மில்லிமீட்டராக இருந்தாலும் அதன் வழியே ஒளி நுழையப்போவதில்லை.

2013 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் பணியிலிருந்து நீக்கிவிட்டுச் செய்தியாளர்களுக்கு ஐபோனில் படமெடுக்கப் பயிற்சி கொடுத்தது. கருவியைப் பற்றிய இத்தகைய விவாதங்களில் இது அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது தவறான எடுத்துக்காட்டாகவே படுகிறது. அந்த 28 பேரிடமும் ஐபோனைக் கொடுத்து வேலையில் வைத்திருந்தால் மட்டுமே அது கருவியைப் பற்றிய சோதனையாக இருந்திருக்கும்.

இடைப்பட்ட வழிகள்

இரண்டில் ஒன்று என்ற கட்டாயம் இல்லை. 2019 இல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3 கேமரா, ஏ.பி.எஸ்.-சி சென்சாரையும் 28 மி.மீ.க்கு இணையான எஃப்/2.8 லென்ஸையும் 260 கிராமுக்குள் அடக்கிவிடுகிறது. ஏறத்தாழ ஒரு பெரிய கைப்பேசியின் எடை. அதன் துளை, மேலே சொன்ன ஐபோனின் துளையைவிட விட்டத்தில் இரு மடங்குகூட இல்லை என்பதால் இருட்டில் பெரிய அதிசயம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது; ஆனால் தலையீடில்லாத கோப்பும், விரலுக்கு அடங்கும் பொத்தான்களும் கிடைக்கும். 2024 இன் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100-6 அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எடை கொண்டது, வியூஃபைண்டரும் உண்டு. மறுபக்கத்திலிருந்து, 2021 முதல் ஓர் அங்குலச் சென்சார் என்ற பெயரோடு வரும் கைப்பேசிகள் இடைவெளியைக் குறைக்கின்றன. அந்தச் சென்சாரின் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இருக்காது, அதன் நீண்ட பக்கமே ஏறத்தாழ 13 மி.மீ.தான். பழைய காலப் படக்குழாய்களை அளந்த முறையிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு, பழைய டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி உள்ள, மிரர்லெஸுக்கு முந்தைய வகை) உடலும் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் சேர்ந்த இணை இன்றும் நல்ல தொடக்கம். அந்த வகைக் கேமராக்களில் புதிய மாடல்கள் அரிதாகிவிட்டன என்பதால் ஏற்கெனவே உள்ளவை படமெடுப்பதை நிறுத்திவிடவில்லை. கேனான் 1987 இல் அறிமுகப்படுத்திய ஈ.எஃப். லென்ஸ்கள், இணைப்பு வளையம் ஒன்றின் துணையோடு இன்றைய மிரர்லெஸ் உடல்களிலும் தானியங்கி ஃபோகஸோடு இயங்குகின்றன. லென்ஸுக்கு இருக்கும் இந்த ஆயுள் கைப்பேசிக்கு இல்லை. மறுபுறம், கைப்பேசியை எப்படியும் வாங்கத்தான் போகிறோம். ஆகவே ஒப்பிட வேண்டியது, சாதாரண மாடலுக்கும் கேமராவுக்காகவே விலை கூட்டப்பட்ட உச்ச மாடலுக்கும் இடையிலான வேறுபாட்டை. அந்த வேறுபாட்டுத் தொகையில் நல்லதொரு லென்ஸ் கிடைக்குமானால், நான் சாதாரணக் கைப்பேசியையும் அந்த லென்ஸையும் தேர்ந்தெடுப்பேன்.

முடிவெடுக்கும் முன்

கடையில் இரண்டையும் கையில் வாங்கிப் பார்ப்பதைவிட, கடந்த ஓராண்டில் நீங்கள் எடுத்த படங்களைத் திறந்து, கைகூடாமல் போனவற்றை மட்டும் தனியே எடுத்துவைப்பது அதிகம் உதவும். ஒவ்வொன்றும் ஏன் கைகூடவில்லை என்று ஒரு சொல்லில் எழுதுங்கள்: தொலைவு, அசைவு, இருட்டு, வண்ணம், தாமதம், கையில் கருவி இல்லை. தொலைவும் அசைவும் மிகுந்திருந்தால் கேமராவைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் உடலைவிட லென்ஸுக்கே அதிகம் செலவழிக்க வேண்டும். இருட்டு என்று எழுதிய படங்களில் அசையாதவையே பெரும்பான்மையாக இருந்தால், புதிய கைப்பேசியோ ஒரு சிறிய ட்ரைபாடோ போதும். வண்ணமும் நிழலும் தன் விருப்பத்துக்கு வரவில்லை என்ற குறையே திரும்பத் திரும்ப வந்தால், வாங்குவதற்கு முன் ஒரு மாதம் கைப்பேசியிலேயே ரா கோப்பில் எடுத்து, கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் தானே உருவாக்கும் பொறுமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அந்தப் பொறுமை இல்லாதவருக்குக் கேமராவின் ரா கோப்பும் சுமையாகவே முடியும்.

நானும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதிகம் வந்தது ‘அசைவு’. அடுத்ததாக வந்தது, சற்று வெட்கத்தோடு சொல்கிறேன், ‘கையில் கருவி இல்லை’. முதலாவதற்காக 85 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டேன். இரண்டாவதற்காக, எப்போதாவது மட்டும் வெளியே வந்த கனமான ஜூம் லென்ஸை விற்றுவிட்டேன். அகன்ற கோணப் படங்களை இப்போது கைப்பேசியில்தான் எடுக்கிறேன்.